முதலில் வாடை போனது, அப்புறம் மாடும் போனது

மாட்டிறைச்சியைக் கொழுப்பு நீக்கி மெல்லிய பட்டைகளாக அரிந்து, உப்பு, சோயா சாஸ், மிளகு, பூண்டுத்தூள், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஊறவிட்டு, ஈரம் வற்றும்வரை உலர்த்தினால் அதுதான் ஜெர்க்கி. பல்லில் கடித்து இழுத்து, நெடுநேரம் மெல்ல வேண்டிய பண்டம். அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வரிசையாகத் தொங்கும். சில ஆண்டுகளாக அதே கம்பியில் காளான் ஜெர்க்கி, சோயா ஜெர்க்கி, பலாக்காய் ஜெர்க்கி, வழுக்கைத் தேங்காய் ஜெர்க்கி என்று மாடே இல்லாத வகைகளும் தொங்க ஆரம்பித்திருக்கின்றன. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஜிம்முக்குப் போகிற பையன்கள் போனில் இதையெல்லாம் பார்த்துவிட்டு "புரோட்டீன் ஸ்நாக்" என்று பேசிக்கொள்கிறார்கள். "இது நம்ம கருவாடுல்லா, மக்ளே?" என்று வீட்டுப் பெரியவர் யாராவது கேட்டால் அவர்களிடம் சரியான பதில் இருக்காது.

பெரியவர் கேட்பதில் தப்பே இல்லை. செய்முறையில் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் ஒன்றைக் காரில் போகும்போது, ஆபீஸ் மேசையில், மலையேறும்போது எல்லாரும் பார்க்கத் தின்கிறார்கள். மற்றதை அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுப் பொரிக்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இறைச்சியே இல்லாத ஜெர்க்கி ஏன் விற்கிறது என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

முதலில் காயவைக்கும் சங்கதி. ஓர் உணவு கெடுவது அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அந்தத் தண்ணீரில் எவ்வளவு நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். இதை 0 முதல் 1 வரையான அளவில் சொல்வார்கள். நீர்ச் செயல்பாடு என்று பெயர். பச்சை மீனும் பச்சை இறைச்சியும் 0.99 பக்கத்தில் இருக்கும். அதை 0.85க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருகுவது நின்றுவிடும். பூஞ்சைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. உப்பு இங்கே இரண்டு வேலை பார்க்கிறது: தண்ணீரை வெளியே இழுக்கிறது, உள்ளே மிஞ்சியதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்க வேளாண் துறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஈரம் புரதத்தின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டினால் அந்தப் பண்டத்தை ஜெர்க்கி என்று விற்க முடியாது. வீட்டில் செய்கிறவர்கள் உலர்த்துவதற்கு முன் இறைச்சியை 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வெறும் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் சில கிருமிகள் சாகாமல் தப்பிவிடும்.

குமரிக் கடற்கரையில் இந்தக் கணக்கெல்லாம் கைப்பழக்கம். நெத்தோலியை அப்படியே பரப்பினால் நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். வாளை, திருக்கை, சுறா மாதிரியானவற்றைக் கீறி, குடல் எடுத்து, உப்பு அடைத்துத் தொட்டியில் போட்டு, நீர் விட்ட பிறகு எடுத்து வெயிலில் போடுவார்கள். உப்புக்குத் தூரம் போக வேண்டாம், புத்தளம் பக்கம் உப்பளங்கள் இருக்கின்றன. சிக்கல் வெயிலில்தான். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை எந்த நாள் நனையும் என்று சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காய்ந்த காற்று மாவட்டத்தின் மேற்கே இருக்கிற விளவங்கோட்டுக்கு வந்து சேருவதில்லை. அதனால் ஜனவரி முதல் மே வரைக்கும் கிடைப்பதுதான் நம்பிக்கையான வெயில். அப்போது காய்ந்ததுதான் அப்புறம் கைகொடுக்கும். மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மழையும் அதே நேரம். பச்சை மீன் விலை ஏறிக்கிடக்கிற அந்த நாட்களில் மரச்சீனிக் கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, துணை கருவாடுதான்.

இறைச்சியை இப்படிக் காயவைக்கும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. மதுரை, சிவகங்கைப் பக்கம் உப்புக்கண்டம் உண்டு: ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவிச் சரமாகக் கோத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். கேரளத்து மலைநாட்டில் உலர்ந்த மாட்டிறைச்சியை இடித்துப் பிரித்து வதக்குகிற இடியிறைச்சி உண்டு. தென்னாப்பிரிக்காவின் பில்டாங் இன்னும் நெருக்கம். வினிகரும் கொத்தமல்லி விதையும் மிளகும் தடவித் தொங்கவிட்ட இறைச்சி அது. மசாலாப் பட்டியலைப் படித்தாலே நம் அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வரும்.

அப்படியானால் நம்முடையது ஏன் ஜெர்க்கி ஆகவில்லை? என் கணிப்பில் முதல் காரணம் சோறு.

கருவாட்டை யாரும் தனியாகத் தின்பதில்லை. அது கஞ்சிக்கு, பழைய சோற்றுக்கு, அவித்த மரச்சீனிக்கு. பெரிய சட்டி நிறைய உப்பில்லாத மாவுச்சத்து, பக்கத்தில் ஒரு துண்டு கருவாடு. அந்தத் துண்டில் இருக்கிற உப்பு முழுச்சட்டிக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் உப்பே போடப்படுகிறது. நம் ஊர் மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல் எல்லாமே இந்தக் கணக்குதான். ஜெர்க்கி சோற்றை விட்டுப் பிரிந்துபோன கருவாடு. தனியாகத் தின்ன வேண்டும் என்பதால் உப்பைக் குறைத்தார்கள். அந்த இடத்தில் சர்க்கரையும் சோயா சாஸும் புகை மணமும் வந்து உட்கார்ந்தன. பழைய காலத்து ஜெர்க்கிக்கு இந்த இனிப்பு கிடையாது. பொட்டலத்தில் அடைத்து, பாதுகாப்புக்கு வேறு வழிகள் வந்த பிறகுதான் நாக்குக்கு ஏற்றபடி விளையாட முடிந்தது. குறைத்தார்கள் என்றாலும் உப்பு இன்னும் தாராளம்தான். 100 கிராம் மாட்டு ஜெர்க்கியில் 30 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும்; கூடவே ஏறக்குறைய 1.8 கிராம் சோடியமும் இருக்கும். ஒரு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை.

இரண்டாவது காரணம் வாடை. இதில் கொஞ்சம் வேதியியல் உண்டு. கடல்மீன் உப்புநீரில் உயிர்வாழ்வதற்காகத் தன் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றும்போது எழுவதுதான் நாம் மீன்வாடை என்பது. சுறாவும் திருக்கையும் இன்னும் ஒரு படி மேல். அவற்றின் தசையில் யூரியா நிறைய உண்டு, அது அம்மோனியாவாக மாறும். சாளை மாதிரி எண்ணெய் அதிகமுள்ள மீனில் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போய் மஞ்சள் படியும். மாட்டுக்கு இந்தச் சங்கடங்கள் இல்லை. நிலத்து விலங்கு என்பதால் மீன்வாடைக்குரிய பொருள் கிடையாது; கொழுப்பையும் முதலிலேயே அரிந்து எறிந்துவிடுகிறார்கள். ஆக, ஜெர்க்கி நாறாமல் இருப்பது அமெரிக்கர்களின் சுத்தத்தால் அல்ல. மாடு கடலில் வாழவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம் கதை. இதில்தான் ஜெர்க்கிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் இன்கா ஆட்சிக்காலத்திலேயே லாமா இறைச்சியை இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் மாறி மாறி வைத்து உலர்த்திக் களஞ்சியங்களில் சேமித்தார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்து, உருக்கிய கொழுப்பும் சில சமயம் காட்டுப்பழங்களும் கலந்து பெம்மிக்கன் செய்தார்கள். விலங்குகளின் ரோமத்தோலை வாங்கி விற்கிற கனடா வியாபாரமே இந்தப் பெம்மிக்கனை நம்பி ஓடியது. 1814இல் ரெட் ரிவர் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டொனெல் பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டதும் சண்டையே மூண்டது. துருவப் பயணம் போன ஸ்காட்டும் அமுண்ட்செனும் பெம்மிக்கன் கொண்டுபோனார்கள். இப்படி, காய்ந்த இறைச்சி என்றாலே வேட்டைக்காரன், குதிரைக்காரன், பனியில் நடக்கிறவன் என்ற படம் மனசில் பதிந்துவிட்டது. யார் சமைத்துப் போடுவதையும் எதிர்பார்க்காமல், பையில் இருப்பதைக் கடித்துக்கொண்டு தூரமாகப் போகிற ஆள். பெரும்பாலும் ஆண்.

கம்பெனிகள் அந்த ஆளைத்தான் விற்றன. ஜேக் லிங்க்ஸ் என்ற நிறுவனம் 1986இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆரம்பித்தது. 2006 முதல் அது ஓட்டிய விளம்பரங்களில் சாஸ்குவாட்ச் என்கிற காட்டு மனிதனைச் சில பேர் சீண்டுவார்கள், அது திருப்பி அடிக்கும். கடைசியில் ஜெர்க்கிப் பொட்டலம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது, காடும் முரட்டுத்தனமும்தான். நிஜத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறவர் ஏசி காரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறு விஷயம். அப்புறம் கதை கொஞ்சம் மாறியது. சர்க்கரை கூடாது, புரதம் வேண்டும் என்கிற காலம் வந்தபோது ஜெர்க்கி அதிலும் பொருந்திக்கொண்டது. 2015இல் சாக்லேட் கம்பெனியான ஹெர்ஷி, கிரேவ் என்ற உயர்ரக ஜெர்க்கி நிறுவனத்தை வாங்கியது. மிட்டாய்க்காரர்கள் இறைச்சிக்கு வந்தது அப்போது பெரிய செய்தி. 2020இல் அதை விற்றுவிட்டுக் கழன்றுகொண்டார்கள்.

இப்போது குமரிக்கு வருவோம். தூரம் போகிற ஆள், தனிமை, அபாயம் என்பதுதான் கதைக்கு வேண்டிய சரக்கு என்றால், தூத்தூர் வட்டாரத்தை மிஞ்ச யாரும் இல்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரைக்கும் அடுத்தடுத்துக் கிடக்கிற எட்டு ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர் போனவர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். லட்சத்தீவு, குஜராத் கடல் என்று அரபிக்கடல் முழுக்க அவர்களுக்குப் பாதை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்கள்தான் அதிகம் இழந்தன. ஆனால் அவர்கள் படம் போட்ட கருவாட்டுப் பொட்டலம் எங்கும் கிடையாது. கருவாட்டைப் பொறுத்தவரை கதையில் வருகிறவர்கள் வேறு ஆட்கள்: கரையில் நின்று கீறுகிற, உப்பிடுகிற, காகத்தை விரட்டுகிற, கடைசியில் கூடையில் வைத்துச் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோகிற பெண்கள். திங்கள்சந்தைக்கோ கருங்கல்லுக்கோ பஸ் ஏறிப் போகிற வியாபாரத்தை வைத்து யார் காட்டு மனிதன் விளம்பரம் எடுப்பார்கள்?

இது இன்று நேற்று வந்த நிலை அல்ல. நற்றிணையின் 45ஆம் பாட்டில் தேரேறி வந்து நிற்கிற பணக்கார வீட்டுப் பையனிடம் தோழி பேசுகிறாள். இவள் பரதவர் மகள், நீ கொடி பறக்கிற கடைத்தெரு உள்ள ஊர்ச் செல்வனின் மகன். கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது? எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில் என்கிறாள். அத்தோடு நிற்கவில்லை, எங்களிலும் பெருமை உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஓய்கிறாள். காயவைத்த சுறா, அதன் வாடை, அந்த வாடையை வைத்து ஆளை எடைபோடுவது என மூன்றும் ஒரே பாட்டில் இருக்கின்றன. 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் வருகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட வீடியோ பரவி, முதலமைச்சர் கண்டனம் தெரிவித்து, ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மாவட்டத்தில் இன்றைக்கும் பேசுகிற சம்பவம் அது.

ஆகவே ஜெர்க்கியின் கவர்ச்சியில் பெரும்பங்கு பொட்டலத்துக்குச் சேர வேண்டியது. காற்றுப் போகாத உறை, ஆக்சிஜனை உறிஞ்ச உள்ளே ஒரு சிறு பை, மேலே மலையோ காடோ ஒரு படம். வாடை வெளியே வராது. யார் அறுத்தார், யார் காயவைத்தார் என்பதும் வெளியே வராது. காய்ந்த இறைச்சியிலிருந்து அதைச் செய்கிற ஆட்களைப் பிரித்தெடுத்து, தின்கிற ஆளுக்கு ஒரு வீர வேஷம் கட்டிவிட்டது அந்த உறை. இவ்வளவும் ஆன பிறகு உள்ளே மாடு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் என்ன?

இறைச்சி இல்லாத ஜெர்க்கி அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. மெல்லுவதற்கு நார் வேண்டும், உப்பும் புகையும் வேண்டும், பொட்டலத்துக் கதை வேண்டும். மூன்றையும் மாடு இல்லாமலே கொண்டுவரலாம்.

நாரைக் கொண்டுவரப் பல வழிகள் உண்டு. கோதுமை மாவைப் பிசைந்து கழுவி மாவுச்சத்தை நீக்கினால் மிஞ்சுகிற பசையில் இறைச்சி மாதிரிப் பண்டம் செய்வது சீனத்துப் பௌத்த மடங்களின் பழைய வித்தை. சோயா வழி நமக்கு நன்றாகவே தெரியும். 1960களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம், எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி நார்நாராக ஆக்குகிற முறையைக் கொண்டுவந்தது. நம் வீட்டு மீல் மேக்கர் அந்த வம்சம்தான். உலர்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம். கல்யாண வீட்டு பிரியாணியில் அது வந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. யாரும் அதைப் புதுமை என்று சொல்வதில்லை.

சுவைப் பக்கம் இன்னும் சுவாரசியம். 1908இல் ஜப்பானியர் கிகுனே இக்கேடா கடற்பாசியிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்து, உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்புக்கு வெளியே ஒரு சுவை இருக்கிறது, உமாமி என்றார். 1913இல் அவர் மாணவர் கொடாமா, புகைபோட்டு உலர்த்திய சூரைமீனில் அதே சுவை தருகிற இனோசினேட்டைக் கண்டார். 1957இல் குனினாகா உலர்ந்த ஷீட்டாக்கே காளானில் அதே வகையான குவானிலேட் இருப்பதைக் காட்டினார். குளுட்டமேட்டோடு மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும். மாசிக் கருவாட்டைப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டால் சம்பல் தூக்கிக் கொடுப்பது இதனால்தான். மாசி என்பதும் அவித்துப் புகைபோட்டுக் காயவைத்த சூரைதான். காளான் ஜெர்க்கியில் சோயா சாஸின் குளுட்டமேட்டும் காளானின் குவானிலேட்டும் சேருகின்றன. அதனால் மாடு இல்லாமலே மாட்டிறைச்சி செய்கிற வேலை வாயில் நடந்துவிடுகிறது.

மாட்டு நகலாக விற்பதற்கும் தானே ஒரு பண்டமாக விற்பதற்கும் உள்ள வித்தியாசம் சந்தையில் தெரிந்தது. 2022இல், தாவரங்களிலிருந்து இறைச்சி மாதிரிப் பண்டம் செய்கிற பியாண்ட் மீட் நிறுவனம் பெப்சிகோவுடன் சேர்ந்து பட்டாணியும் பாசிப்பயறும் கொண்டு மாட்டு ஜெர்க்கியின் அச்சு அசல் நகலாக ஒன்றைக் கடைகளுக்கு அனுப்பியது. இவ்வளவு பெரிய விநியோகக் கை யாருக்கும் கிடைக்காது. 2023 நவம்பரிலேயே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கு முன், 2020இல், மைக்கேல் பேன் என்ற அமெரிக்கர் தொழிலுக்கு முதலீடு கேட்டு வருகிற ஷார்க் டேங்க் டிவி நிகழ்ச்சிக்குக் காளான் ஜெர்க்கியோடு வந்தார். மலேசியாவில் உறவினர் வீட்டில் தின்ற பண்டம்தான் அவருக்கு மூலம். அது மாட்டு நகல் இல்லை, காளானைக் காளானாகவே விற்றது, முதலீடும் கிடைத்தது. ஒரே ஒரு ஜோடியை வைத்து விதி சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நகல் என்றதும் மனசு அசலோடு ஒப்பிட ஆரம்பித்துவிடும், ஒப்பிட்டால் நகல் தோற்கும். தானே ஒரு பண்டமாக வருவதற்கு அந்தத் தொல்லை இல்லை.

பலாக்காய் ஜெர்க்கிக்கு வேறு ஒரு சங்கடம். சக்கை என்று நாங்கள் சொல்கிற பலா மரம் இல்லாத தோப்பு குமரியில் அபூர்வம். தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுதான், 2018 முதல் கேரளத்துக்கும் அதுதான். இளசான இடிச்சக்கையை வேகவைத்து நசுக்கினால் பிரிகிற நார் கோழிக்கறியை ஏமாற்றும். பட்டை, கிராம்பு, வறுத்தரைத்த தேங்காய் சேர்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தின்கிறவருக்கு உண்மை தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் பச்சைப் பலாக்காயில் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். வெளிநாட்டில் இதை இறைச்சிக்கு மாற்று என்று சொல்லும்போது இறைச்சியின் மெல்லும் குணத்துக்கு மட்டும்தான் மாற்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புரதத்துக்காக வாங்குகிறவர் ஏமாந்து போவார். உப்புக்கும் இதே எச்சரிக்கை: மாடு போய்விட்டது என்பதற்காக உப்பு போய்விடவில்லை. 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கவலை சைவ ஜெர்க்கிக்கு இல்லை என்பது நிஜம், இரத்த அழுத்தக் கவலை இருக்கிறது.

சரி, இந்தப் பண்டத்தைக் குமரியில் யார் வாங்குவார்கள்? அமெரிக்காவில் சைவ ஜெர்க்கி வாங்குகிறவர் பெரும்பாலும் இறைச்சியை விட்டவர் அல்லது குறைக்க நினைப்பவர். பழைய நாக்கின் ஆசை இன்னும் இருக்கிறவர். இங்கே பிறந்ததிலிருந்தே சைவமாக இருக்கிற வீடுகளில் அந்த ஆசையே கிடையாது. "கறி மாதிரியே இருக்கும்" என்று சொன்னால் இலையை நகர்த்திவிடுவார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் வேறொரு வகைச் சைவர்கள் ஏராளம்: தேதி போட்டுச் சைவமாகிறவர்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் மண்டல விரதம். பிப்ரவரி, மார்ச்சில் தவக்காலம் வந்தால் கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. பல பேர் நாற்பது நாளும் தொடுவதில்லை. வெள்ளி, செவ்வாய் கணக்கு வேறு. இவர்கள் எல்லாம் மீனும் கறியும் தின்று வளர்ந்த நாக்குகள், சில வாரங்களுக்கு மட்டும் அடங்கி இருப்பவை. மீல் மேக்கரும் இடிச்சக்கையும் காளானும் அந்த வாரங்களில்தான் சட்டி ஏறுகின்றன. சீனத்து மடங்களில் கோதுமைப் பசையை இறைச்சி ரூபத்தில் செய்ததும் இறைச்சி தின்கிற விருந்தாளிகளை மனசில் வைத்துத்தான். தின்கிறவன் சில நாள் தின்னாமல் இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் போலி இறைச்சிக்கு எப்போதும் வேலை இருந்திருக்கிறது. நிரந்தரச் சைவருக்கு அது தேவைப்படவில்லை.

இதை வைத்துப் பார்த்தால், குமரியில் ஒரு சிறுதொழிலாக இடிச்சக்கை ஜெர்க்கி நடக்குமா என்று கணக்குப் போடலாம். நானே போட்டுப் பார்த்தேன், காகிதத்தில்தான். இடிச்சக்கை பெருகுவது வருஷ ஆரம்பத்தில். நம்பிக்கையான வெயிலும் அப்போதுதான். உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, பிழிந்து, நாராகப் பிரித்து, சோயா சாஸ், மிளகு, பூண்டுத்தூள், கொஞ்சம் கருப்பட்டி சேர்த்து ஊறவிட்டு, கண்ணாடி மூடிய சூரிய உலர்த்தியில் வைத்தால் மணலும் ஈயும் அண்டாது. மேகம் போட்டால் மின்சார உலர்த்தியில் 60 டிகிரி போதும். 2022இல் வந்த வீகன் (பால் பொருள்கூட இல்லாத) உணவு விதிமுறைப்படி அதற்கான முத்திரையோடு விற்க வேண்டுமானால் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். சாதாரணப் பச்சைப் புள்ளியோடு விற்பது சுலபம். உறையில் புரதம் என்று பெரிதாகப் போட்டால் பொய்யாகிவிடும், போடாவிட்டால் ஜிம் பையன்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தவக்காலத்துக்குச் செய்த உடனே கொடுத்துவிடலாம். மண்டல காலத்துக்குப் பொட்டலம் நவம்பர் வரை தாங்க வேண்டும். இடையில் இரண்டு மழையும் கடக்க வேண்டும் என்பதால் ஆக்சிஜன் உறிஞ்சியும் நல்ல உறையும் இல்லாமல் நடக்காது. மாலை போட்டவர்களில் சிலர் பூண்டும் சேர்ப்பதில்லை என்பதால் அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் பூண்டுத்தூளை எடுத்துவிட்டுப் பெருங்காயம் போட வேண்டியிருக்கும்.